கதவு என்பது ஒரு மனநிலை

உலகத்தில் துன்பம் என்று ஒன்று கிடையாது. துன்பமாகப் பார்க்கும் கண்கள்தான் உண்டு. இந்தப் பேருண்மையை இராயபுரத்து மல்லாக்கொட்டைக் கிடங்கு ஒன்றில் நாற்பது பெண்களுக்கு உபதேசிக்க, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் கம்பெனி என்னை நியமித்தது. தகுதி: எங்கள் குடும்பத்தின் முதல் பி.ஏ. பதவி: 'மனோசாந்தி போதகி'. வகுப்பறைக்குத் தேக்குக் கதவு. உத்தியோகஸ்தர் கக்கூஸின் சாவி ஒன்று என் முந்தானை முடிச்சில்.

கடலைக்கொட்டை பொறுக்கும் பெண்களின் கக்கூஸுக்குக் கதவு கிடையாது. அதற்கு நேர் எதிரே வரதன் மேஸ்திரியின் முக்காலி. கடற்காற்று அங்கேதான் நன்றாக வீசுகிறதாம். பெண்கள் கதவு கேட்டார்கள். கம்பெனி ஆழ்ந்து யோசித்து, கதவுக்குப் பதிலாக என்னை அனுப்பியது.

முதல் பாடத்தைக் கம்பீரமாகவே தொடங்கினேன்.

"கதவில்லை என்று பார்ப்பதால்தான் கோபம் வருகிறது. காற்றோட்டம் இருக்கிறது என்று பாருங்கள்."

"பாத்தேன் டீச்சரம்மா," என்றாள் முன்வரிசைப் பவுனம்மாள். "மேஸ்திரி அப்பவும் அங்கதான் குந்திகினு கீறான்."

"அவரை ஒரு தூணாக நினையுங்கள்."

"தூணு பல்லை இளிக்குதே, இன்னா பண்றது?" என்றாள் சிவந்தி.

வகுப்பே சிரித்தது. 'மகிழ்ச்சி பெருகியது' என்று ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டேன்.

பவுனம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "ஒங்கம்மா எம்பக்கத்துல குந்திகினுதான் கொட்டை பொறுக்கிச்சு. வூட்டுக்குப் போற வரிக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்காது. ஏன்னு ஒரு நாள் கேட்டியா நீ?"

கேட்டதில்லை. அம்மாவுக்குத் தாகமே எடுக்காது என்று நம்பியே பி.ஏ. வரை படித்துவிட்டேன். முந்தானைச் சாவி கனத்தது. அதற்குப் 'பொறுப்பின் கனம்' என்று பெயரிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வகுப்பறைக்குக் கதவில்லை. பெண்கள் கக்கூஸில் அது கீல் சகிதம் தொங்கியது, என் பித்தளைப் பெயர்ப்பலகையோடு. மேஸ்திரி முக்காலியில் உட்கார்ந்து பலகையில் இருந்த என் பி.ஏ. பட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டம் யாருக்காவது உதவியது அன்றைக்குத்தான்.

மானேஜர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "பவுனம்மா வேலைதானே? பேரை எழுதிக் குடு. இன்னிக்கே வெளியே தள்ளிடறேன்."

எழுதிக் கொடுத்தேன்: 'கதவு எதுவும் காணாமல் போகவில்லை. அப்படிப் பார்ப்பதால்தான் தங்களுக்குக் கோபம் வருகிறது. வகுப்பறை இப்போது நல்ல காற்றோட்டமாக இருக்கிறது.'

மானேஜர் மேஜையைக் குத்தினார். கதவைக் கழற்றிவர மேஸ்திரியை ஏவினார். மேஸ்திரி மூன்று முறை போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினார்.

"உள்ள ஆள் கீதுங்க."

"அப்போ நீ வேலை பார்த்த வரைக்கும் போதும். சாவியை வச்சிட்டு நீ கிளம்பு," என்றார் மானேஜர் என்னிடம்.

முடிச்சை அவிழ்த்துச் சாவியை மேஜைமேல் வைத்தேன். துன்பம் என்று ஒன்று கிடையாது என்ற பேருண்மையும் அங்கேயே தங்கிவிட்டது. அது சாவி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே விளங்குவது. சாவி இருந்த வரை எனக்கும் நன்றாக விளங்கிற்று.