ஜெபசீலனின் ஆமணக்கெண்ணெய்

"இன்னிக்கும் போகல்லியா?" என்று கம்பவுண்டர் ஜெபசீலன் கேட்டார்.

"இல்லய்யா" என்று கட்டிலில் கிடந்த தோவாளைப் பொன்னுலிங்கம் முனகினார்.

அவருக்குக் குடலில் கட்டி. மறுநாள் வெள்ளிக்கிழமை ஆபரேஷன். வயிறு சுத்தமாகாவிட்டால் கத்தியைத் தொடமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த கட்டில் செல்வதாசுக்கும் அதே கட்டி, அதே நாள்.

ஜெபசீலன் ஆமணக்கெண்ணெய்க் கட்சி. நர்ஸ் தங்கபாய் சோப்புத்தண்ணீர் எனிமாக் கட்சி. இருவர் சண்டையும் தாங்காமல் ஆளுக்கொரு நோயாளியைக் கொடுத்து, எது ஜெயிக்கிறதோ அதுவே இனி ஆஸ்பத்திரி முறை என்று டாக்டர் தீர்த்துவிட்டார். தோற்றால் எனிமா டப்பாவைத் தானே கழுவுவதாக ஜெபசீலன் வீறாப்பாகச் சொல்லியும் தொலைத்திருந்தார்.

செவ்வாயன்று ஒரு அவுன்ஸ் கொடுத்தார். அசைவில்லை. புதனன்று இரண்டு. பொன்னுலிங்கம் குறட்டை விட்டுத் தூங்கினார். செல்வதாசோ அதற்குள் சுத்தமோ சுத்தம்.

"என்ன கம்பவுண்டரே, உங்க எண்ணெய்க்கு வழி தெரியல்லியோ?" என்று தங்கபாய் சிரித்தாள்.

வார்டே சிரித்தது. ஜெபசீலனுக்கு அவமானத்தில் காது சிவந்தது. வியாழன் சாயங்காலம் மூன்று அவுன்ஸை ஊற்றி, பொன்னுலிங்கத்தின் மனைவி சொர்ணம்மாளிடம் நீட்டினார்.

"ஆளு நின்னா அவிய குடிக்கமாட்டாவ. நீங்க போங்கய்யா" என்று வழக்கம்போல் அவள் தம்ளரை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் ஆகியும் பலனில்லை. மனசொடிந்த ஜெபசீலன், மறுநாளைக்கான கத்தி, கத்தரி, கொக்கிகளைக் கொதிக்கவைக்கத் தட்டில் அடுக்கி வார்டு வழியாக எடுத்துப் போனார்.

"இதெல்லாம் யாருக்குய்யா?" என்றார் பொன்னுலிங்கம்.

"யாருக்கா? உமக்குத்தான்!"

பொன்னுலிங்கம் துள்ளியெழுந்து கக்கூசுக்கு ஓடினார். திரும்பி வந்தார். மறுபடி ஓடினார். எட்டு மணிக்குள் ஒன்பது தடவை.

"ஒம்பது! மூணு அவுன்ஸுன்னா சும்மாவா?" ஜெபசீலன் வராந்தாவில் கூத்தாடினார்.

ஆபரேஷன் இரண்டும் ஜெயம். "இவ்வளவு சுத்தமான குடலை நான் பார்த்ததே இல்லை" என்று டாக்டர் பொன்னுலிங்கத்தைக் காட்டிச் சொன்னார். இனி எல்லோருக்கும் ஆமணக்கெண்ணெய்தான் என்று உத்தரவும் போட்டார்.

பொன்னுலிங்கம் தானே நடந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று, ஜெபசீலன் டாக்டரையும் தங்கபாயையும் வாசலுக்கே கூட்டிவந்தார்.

"சொர்ணம்மா, நம்ம எண்ணெய் எப்பிடின்னு நீங்களே இவங்ககிட்ட சொல்லுங்க."

சொர்ணம்மாள் கண்கலங்கக் கும்பிட்டாள்.

"சும்மா சொல்லப்பிடாதுய்யா, நல்ல எண்ணெயாக்கும். இவியளுக்கு வேண்டிக்கிட்டு மூணு நாளும் கோயில் விளக்குல ஊத்துனேன், ஒருக்கக்கூட அணையல்ல!"