ஆறாவது சுத்து என்ர முறை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
வியாழக்கிழமை காலை

சைக்கிளோட்டக் கழகத்தின் கௌரவ செயலாளர் திரு. கிஷாந்த் அவர்கட்கு,

அக்காவின் மகனாகிய உமக்கு மாமா எழுதும் கடிதம் அல்ல இது. அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் 47ஆம் இலக்கத்தில் ஓடியவரும் ஓய்வுபெற்ற நீர்மானி வாசிப்பாளருமான ஐ. குணநாயகம் கழகத்துக்குச் சமர்ப்பிக்கும் உத்தியோகபூர்வக் கடிதம். உமது சுகத்துக்கும் அக்காவின் பிரஷருக்கும் வேண்டுதல் செய்துகொண்டு விடயத்துக்கு வருகிறேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வழங்கப்பட்ட முதலாம் இடத்தை இரத்துச் செய்யும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். கிண்ணம் இத்துடன் வருகிறது. மூடி வராது, அது ஓட்டோவில் போகும்போதே காற்றில் போய்விட்டது.

முதலில் அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆடி மாதத்தில் கடலோர மெரின் டிரைவில் போட்டி வைக்க எந்தப் புத்திசாலி தீர்மானித்தாரோ தெரியாது, நீர்தான் என்று அக்கா சொன்னா. பந்தல் எழும்பித் தண்டவாளத்தில போய்க் குந்திச்சுது. பிரதம விருந்தினரை முடிவுப் பதாகை சுத்திக்கொண்டுது, அந்த மனுசன் உள்ளுக்க நிண்டே பேச்சை முடிச்சார். கொள்ளுப்பிட்டிப் பக்கம் போகேக்க காத்து முதுகில தள்ளும், மிதிக்கவே தேவையில்லை. திரும்பி வெள்ளவத்தைக்கு வரேக்கதான் சீவன் போகும். ஏழு வருஷத்துக்கு முந்தி எங்கட பிரிவில பதினொரு பேர் நிண்டனாங்கள், இப்ப மூண்டு பேர். மற்றவை எங்கயெண்டு உமக்கே தெரியும், அரைவாசிப் பேரின்ர செத்தவீட்டுக்கு நீரும் வந்தனீர். அந்த மூண்டிலயும் புஷ்பராஜ் ரெண்டாம் சுத்தில கொள்ளுப்பிட்டியில திரும்பவேயில்லை. காத்தோட நேர கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிட்டுப் படுத்திட்டார்.

மிச்சம் நானும் கிராண்ட்பாஸ் ஸமீமும். பத்தொன்பது வருஷமா ஒண்டா ஓடுறம். நீர் செயலாளர் எண்டாலும் ஒருநாளும் சைக்கிளில ஏறினதில்லை, அதால விளங்கப்படுத்துறன். முன்னால ஓடுறவன்தான் காத்தை நெஞ்சில வாங்குவான். அவன்ர பின்சில்லோட ஒட்டி ஓடுறவனுக்கு அரைவாசிக் களைப்புத்தான். ஆனபடியால் எங்களுக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்கு: எதிர்காத்துக்கு ஒரு சுத்து அவர் முன்னால, அடுத்த சுத்து நான். கடைசி முந்நூறு யார் தூரம் மட்டும் அவரவர் கெட்டித்தனம். பத்தொன்பது தரமும் அந்த முந்நூறு யாரில வெண்டது ஸமீம். பின்பக்கெட்டில வாழைப்பழம் வச்ச அந்த முதுகு எனக்கு மனப்பாடம், கிஷாந்த். அதைப் பாத்துப் பாத்து எனக்கு வெறுத்துப்போச்சு.

அதால இந்த முறை ஒரு வேலை செய்தனான். நாலாம் சுத்து என்ர முறை. "மச்சான், முழங்கால் பிடிச்சிட்டுது" எண்டன். ஒரு கதையும் இல்லாமல் ஸமீம் முன்னுக்குப் போனார். அஞ்சாம் சுத்து அவற்ற முறை, போனார். கடைசி, ஆறாம் சுத்து என்ர முறை. திரும்பவும் முழங்கால் எண்டன். ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டு, "சரி, ஒட்டிக்கொண்டு வா" எண்டார். என்ர முழங்காலுக்கு ஒரு கோதாரியும் இல்லை.

வெள்ளவத்தை ஸ்டேஷன் தாண்டின கையோட அவற்ற பின்னாலயிருந்து சைக்கிளை வெளியில எடுத்து மிதிச்சன். அவரைத் தாண்டேக்க அவற்ற தலை ஹாண்டிலில கவிழ்ந்திருந்தது. பின்னால ஏதோ விழுந்த சத்தம். காத்துக்கு இரும்புத் தடுப்பு ஏதும் சரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன். இல்லை, பொய், அப்பிடி நினைக்க விரும்பினன். முடிவுக் கோட்டைத் தாண்டி ஒரு கையைத் தூக்கினன். ரெண்டையும் தூக்கினா காத்து என்னைக் கடலுக்க போட்டிடும். கை தட்ட ஒருத்தரும் இல்லை. எல்லாரும் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தவை. ஓட்டோவில ஸமீமின்ர தலை என்ர மடியில கிடக்க, நீர் ஓடிவந்து கிண்ணத்தை என்ர கையில திணிச்சு "வாழ்த்துக்கள் மாமா" எண்டீர். அதுக்கு நான் உம்மை மன்னிக்கமாட்டன்.

ஆசுபத்திரி வாசலில அவற்ற மனுசி லுத்பியா. பத்தொன்பது வருஷமா எங்கள் ரெண்டு பேருக்கும் சாப்பாடு கட்டித்தாறவ, எங்கட ஒழுங்கு அவவுக்கும் தெரியும். அழேல்லை. "குணம் அண்ணன், இண்டைக்கி காத்துக்கு முன்னுக்கு ஆர் போன?" எண்டு மட்டும் கேட்டா. "மாறி மாறித்தான்" எண்டன். அவ கிண்ணத்தைப் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா. நாலு நாளா ஸமீமைப் பாக்க விடேல்லை. நாலு நாளா எனக்கு நித்திரையும் இல்லை.

ஆகவே, கனம் செயலாளர் அவர்களே, முதலாம் இடத்தை ஸமீமுக்கே வழங்கவேண்டும். நான் செய்ததைக் கூட்டக்குறிப்பில் பதிந்து, என் பெயரைக் கழகத்திலிருந்து வெட்டவேண்டும். சைக்கிளை ஆணியில் கொழுவிவிட்டேன். இனி ஏறமாட்டேன், இது என் அம்மா மேல் சத்தியம். உமக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமையவும் அக்காவுக்கு உப்பில்லாச் சாப்பாடு பழகவும் முருகன் வழிவிடட்டும்.

இங்ஙனம்,
ஐ. குணநாயகம்
(முன்னாள் இலக்கம் 47)

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் என்னை வார்ட்டுக்குள்ள விட்டவை. ஸமீமுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினன், அழுதும்போட்டன். அவர் சிரிச்ச சிரிப்பில மிஷின் கத்தி, நேர்ஸ் ஓடிவந்து எனக்குச் சிங்களத்தில ஏசினா. "நாலாஞ் சுத்துல இடது முழங்கால புடிச்ச, ஆறாஞ் சுத்துல வலத புடிச்ச. எனக்கு வெளங்காதா மச்சான்?" எண்டார். தெரிஞ்சும் ஏன் முன்னுக்குப் போனனி எண்டு கேட்டன். "நாலாஞ் சுத்துலயே நெஞ்சு புடிச்சிட்டு. சொன்னா நீ நிப்பாட்டிப்போடுவாய். பின்னுக்கு ஒன்ட சில்லுச் சத்தம் கேட்டதாலதான் ஓடின" எண்டார். இனி அவர் சைக்கிளில ஏறவே கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டாராம். லுத்பியாவிட்ட உண்மையைச் சொல்லிட்டன். அவ இன்னும் என்னோட கதைக்கேல்லை.

முடிக்காதவனுக்கு முதலாம் இடம் குடுத்தால் ஸமீம் வழக்குப் போடுவாராம், ஆனபடியால் மேலே எழுதினதை எல்லாம் விட்டுவிடும். கிண்ணமும் வராது, அதுக்குள்ள அவற்ற பல்செட் கிடக்கு. சத்தியத்தை அம்மா பொறுத்துக்கொள்ளுவா, என்ர பொய் எல்லாம் பாத்த மனுசி. அடுத்த வருஷத்துக்கு என்ர பேரைப் பதியும். நடுவரின்ர மோட்டார்சைக்கிளில பின்சீட்டை ஸமீமுக்கு ஒதுக்கும். அது எனக்கு முன்னால வரக்கூடாது, சத்தம் கேக்கிற தூரத்தில பின்னால வரவேணும். ஆறு சுத்தும் காத்துக்கு நான்தான்.