மீனுவுக்கு நான் வைத்த பரீட்சைகள்

சொந்த மகளைக் கடத்திக்கொண்டு போக வந்தவன் என்று ஒருமுறை என்னைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள். பிடித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். மகளும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த மகா புத்திசாலி நான்தான்.

பத்து வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. மனைவி சுதாவும் பிள்ளைகளும் கொச்சி மட்டாஞ்சேரியில், அரிசி குடோன்களுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில். (தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம்.) மகன் கார்த்திக்குக்கு ஏழு வயது, மகள் மீனுவுக்கு நாலு. அதற்கு முந்தைய லீவில் அவள் இரண்டு வயதுக் குழந்தை.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ காலில் கூப்பிடுவேன். மீனு போனையே முத்தம் கொடுத்து எச்சிலாக்கிவிடுவாள். "அப்பா, எப்ப வருவே?" என்று கேட்டுக் கேட்டுக் கழுத்தை அறுப்பாள். அந்தத் தைரியத்தில்தான் மூன்று பெட்டிகளோடு விமான நிலையத்துக்கு வெளியே வந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மண்டியிட்டேன். கார்த்திக் ஓடி வந்தான். மீனு சுதாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். விரித்த கையோடு நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பின்னால் வந்த ஒருவர் தன் டிராலியை என் முதுகில் இடித்து, "நீங்கு சேட்டா" என்று நகரச் சொன்னார்.

ஒரு வாரம் ஆகியும் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. சாப்பிடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். சாயங்காலமானால் அம்மாவின் போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். ஏதோ கேம் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அந்த லீவில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஷார்ஜாவுக்குத் திரும்புவதற்குள் அவள் ஒருமுறை என் முகத்தைப் பார்த்து "அப்பா" என்று கூப்பிட வேண்டும்.

இதற்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் தீம் பார்க்.

"கார்த்திக்குக்குச் சரி. மீனு சின்னக் குட்டியாக்கும்," என்றாள் சுதா. "அந்தக் கூட்டம், வெயிலு, தண்ணி... அடுத்த லீவுக்குப் போலாம்."

"அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழிச்சு."

நான் சும்மா விடுபவனா? குழந்தை தயாரா இல்லையா என்பதை முறைப்படி சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அறிவித்தேன். (கிடங்கில் சரக்கு வந்தால் பிரித்துப் பார்த்துச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன். வீட்டுக்கு வந்தாலும் புத்தி அங்கேயே இருந்தது.)

முதலில் வரிசையில் நிற்கும் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போனேன். முக்கால் மணி நேரம் மீனு முனகாமல் நின்றாள். நான்தான் இரண்டு தடவை, "எவ்வளவு நேரமப்பா இது?" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். ஆட்டத்துக்குத் தாங்குவாளா என்று பார்க்க ஃபோர்ட்கொச்சியிலிருந்து எறணாகுளத்துக்குப் படகில் ஏற்றிப் போய்த் திரும்பக் கூட்டிவந்தேன். பிள்ளைகள் இருவரும் கப்பல்களுக்கு டாட்டா காட்டினார்கள். கரை இறங்கியதும் வாந்தி எடுத்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. உயரப் பரீட்சையில் மட்டும் இரண்டு விரற்கடை குறைந்தது. நான் அவள் குடுமியை உச்சிக்கு ஏற்றிக் கட்டச் சொல்லி அதையும் பாஸாக்கினேன்.

"இத்தன பரீட்ச வெக்கறீங்களே, உங்களுக்கு யாரு வெக்கறது?" என்று சுதா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கடைசிப் பரீட்சைதான் முக்கியம். கூட்டத்தில் தொலைந்துபோனால் என்ன செய்ய வேண்டும்? யூனிஃபார்ம் போட்ட ஆளிடம் போய் நிற்க வேண்டும். தெரியாத ஆள் வந்து கூப்பிட்டால் கத்த வேண்டும். இதை ஒத்திகை பார்த்தோம். கார்த்திக் செக்யூரிட்டி. தெரியாத ஆள் நான். (வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் அந்த வேஷத்துக்கு?) கதவுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்து, அவள் கையைப் பிடித்து, "வா கண்ணு, சாக்லேட் வாங்கித் தரேன்" என்பேன். மீனு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "இவர எனக்குத் தெரியாது!" என்று வீடே அதிரக் கத்துவாள். அங்கே இருப்பவர்களுக்குத் தமிழ் புரியாமல் போனால் என்ன செய்வது என்ற முன்யோசனையில், "எனிக்கு இயாளெ அறியில்லா!" என்று மலையாளத்திலும் பழக்கினேன்.

அந்த விளையாட்டு அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கத்தி முடித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய், அங்கிருந்து என்னை எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். "இன்னும் ஒருக்கா," என்பாள். அந்த மூன்று வாரத்தில் அவள் என்னிடம் நேராகப் பேசிய வார்த்தை அது மட்டும்தான். அதற்காகவே ஒரு நாளைக்கு இருபது தடவை அவளுக்குத் தெரியாத ஆளாக வந்துகொண்டிருந்தேன்.

லீவு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது போனோம். தண்ணீர்ப் பக்கம் என்பதால் போன், பர்ஸ், என் கண்ணாடி எல்லாம் லாக்கருக்குள் போய்விட்டன. வாடகைக்குக் கொடுத்த நைலான் டிரவுசர் எனக்கு ஒரு சைஸ் பெரிது. சுதா கார்த்திக்கைக் கூட்டிக்கொண்டு பெரிய சறுக்கலுக்குப் போனாள். சின்னக் குளத்தில் மீனுவுக்கு நான் காவல். உச்சியிலிருந்து கார்த்திக் கையாட்டுகிற மாதிரித் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நானும் ஆட்டினேன். (அது வேறு யார் பெற்ற பிள்ளையோ.) திரும்பினால் மீனு இல்லை.

பத்து நிமிடம் நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு கையில் டிரவுசர். வாயில் தெரிந்த சாமி பேரெல்லாம். கடைசியில் ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில் நீல யூனிஃபார்ம் தெரிந்தது. அதன் காலடியில் உச்சிக்குடுமியோடு மீனு அழுதுகொண்டு நின்றாள். சொல்லிக்கொடுத்த மாதிரியே யூனிஃபார்மிடம் போயிருக்கிறாள்! அந்தப் பதற்றத்திலும் எனக்குப் பெருமை பொங்கியது. பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தேன். வாயில் என்ன வருகிறது என்று யோசிக்கவில்லை.

"வா கண்ணு, சாக்லேட் வாங்கித் தரேன்."

மீனு அழுகையை நிறுத்தினாள். கண்ணை மூடினாள். பிறகு இரண்டு மொழியிலும் கத்தினாள்.

ஒரு நிமிடத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம். நனைந்த தலையோடு ஒரு அம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. நான் "மகள், மகள்" என்றேன். பிறகு, இது ஒத்திகையில் நாங்கள் விளையாடிய விளையாட்டு, நான்தான் அதில் கெட்டவன் என்று விளக்கினேன். யோசித்துப் பார்த்தால் அந்த இடத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். செக்யூரிட்டி குனிந்து, அவள் அப்பா எங்கே என்று மீனுவிடம் கேட்டார்.

"மோள்ட அச்சன் எவிடெயா?"

மீனு விக்கிக்கொண்டே சொன்னாள்: "அப்பா போனிலா." போனுக்குள் இருக்கிறாராம் அப்பா.

எங்களை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனார்கள். சுதாவுக்கு மைக்கில் அறிவிப்புப் போய்க்கொண்டிருந்தது. நரைத்த மீசை வைத்த அந்த செக்யூரிட்டி ஒரு ஃபாரத்தை எடுத்து என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். குழந்தையின் பெயர்? பிறந்த தேதி? தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், சொன்னேன். எந்த அங்கன்வாடி? சுள்ளிக்கல் பக்கம் என்றேன். மீனு இல்லையென்று தலையாட்டினாள். டீச்சர் பெயர்? தெரியாது. ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? தெரியாது. உடம்பில் அடையாளம்? அவள் இடது முட்டியில் நாலு தையல் போட்ட தழும்பு இருந்தது. அதை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். எப்படிப் பட்டது என்று அவர் கேட்டார். நான் மீனுவைப் பார்த்தேன். அவள் அந்த முட்டியைக் கையால் மூடிக்கொண்டாள்.

இத்தனை நாள் அவளுக்கு விதவிதமாகப் பரீட்சை வைத்தவன், எனக்கு வைத்த ஒரே பரீட்சையில் பேரும் தேதியும் மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. பெரிய டிரவுசரோடு, சட்டையில்லாமல், அந்நியர்கள் நடுவில் உட்கார்ந்து அழுதேன். முகம் ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் கொஞ்சம் மானம் தப்பியது.

சுதா கார்த்திக்கோடு ஓடி வந்ததும் மீனு அவள் இடுப்பில் ஏறிக்கொண்டாள். கார்த்திக், "இது எங்க அப்பாவாக்கும்," என்று எனக்காகச் சாட்சி சொன்னான். நான் அந்த இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்திகையில் அங்கிருந்துதானே எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

மீசைக்காரர் எனக்கு ஒரு சாயா வரவழைத்துக் கொடுத்தார். "சாரமில்லா. ஞானும் பதினெட்டு கொல்லம் சவுதியிலாயிருன்னு," என்றார். பரவாயில்லை, அவரும் பதினெட்டு வருடம் சவுதியில் இருந்தவராம்.

"கண்ணாடி போடாததுனாலதான்," என்றேன் திரும்பி வரும் படகில்.

"ஆமா. அதோட நீங்க சொல்லிக்கொடுத்ததத்தானே செஞ்சா," என்றாள் சுதா. அவள் நல்லவள். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மீனு போனோடு ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, என்ன கேம் அது என்று கேட்டேன். சுதா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, "கேம் இல்ல. உங்க கால் வரும்னு உக்காந்திருக்கா," என்றாள். நான் மீனுவுக்கு நாலடி தள்ளி நாற்காலியில் இருந்தேன்.

ஒன்பதாம் நாள் விமான நிலையத்தில் டாட்டா காட்டச் சொன்னபோதும் மீனு சேலைக்குள்தான் இருந்தாள். உள்ளே போய், கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுதாவின் போனுக்கு வீடியோ கால் போட்டேன். அவர்கள் இன்னும் வெளியே டாக்ஸி வரிசையில்தான் நின்றிருந்தார்கள்.

"அப்பா!" என்று கத்தினாள் மீனு. போனுக்கு முத்தமாகக் கொடுத்தாள். "அப்பா, எப்ப வருவே?"

இப்போது நான் ஊரோடு வந்து ஐந்து வருடம் ஆகிறது. சுள்ளிக்கல்லில் சின்னதாக ஒரு ஸ்டேஷனரி கடை. மீனுவுக்குப் பதினாலு வயது. எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் மைத்துனன் என்னைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு, "எனிக்கு இயாளெ அறியில்லா!" என்று கத்துவான். பந்தியே சிரிக்கும். மீனுதான் எல்லோரையும்விட அதிகம் சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்பேன்.

ஆனால் முக்கியமான விஷயம் என்றால் அவள் இன்றைக்கும் என் முன்னால் வந்து நிற்கமாட்டாள். தன் அறையிலிருந்தே போனில் கூப்பிடுவாள். போன வாரம் கணக்கில் தோற்றதை அப்படித்தான் சொன்னாள். "அப்பா, ஒரு காரியம் சொல்லணும். திட்டக் கூடாது, கேட்டியா?" நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நடுவுல ஒரு சுவருதானே இருக்கு ரெண்டு பேருக்கும்!" என்று சுதா கூடத்திலிருந்து சத்தம் போட்டாள். வழக்கம்போல எல்லோரும் சிரித்தோம்.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டேன். எழுந்து அந்த அறைக்குப் போகவில்லை. போனால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள்.