பூட்டுத் தையல்

மனைவியின் தையல் கடையில் கிடந்த, ஹோட்டல் சமையல்காரர் போடும் கோட்டைத் தூக்கிப் பார்த்ததும் பஸ் கண்டக்டருக்குத் திக்கென்றது. மார்பில் எம்பிராய்டரி போட்டிருந்த பெயரில் எழுத்துக்கு எழுத்து நூல் தொங்கியது. கடைசி எழுத்து பாதிதான் இருந்தது.

அவர் மனைவியைத் தெருவே எழுத்தக்கா என்றுதான் கூப்பிடும். ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு மிஷின் தாவும்போது நடுவில் ஓடும் நூலை அவள் வெட்டும் அழகே அழகு. முதலில் எழுத்து முடியும் இடத்தில் முன்னும் பின்னுமாகக் குட்டித் தையல் போட்டுப் பூட்டுவாள். அப்புறம்தான் கத்தரி. அப்பேர்ப்பட்டவளுக்கே அடி சறுக்கிவிட்டதே!

அவள் நூல் வாங்கப் போயிருந்தாள். ஹோட்டல்காரர்கள் வரும் நேரம். இந்தக் கோட்டு பிடித்துப்போனால் ஹோட்டலின் தையல் வேலை மொத்தமும் அவளுக்குத்தான்.

"பூட்டாம வெட்டிட்டா போல," என்று பக்கத்துக் கடை இஸ்திரிக்காரரிடம் புலம்பினார்.

"தொங்கறதை நறுக்கிடுங்கண்ணே. யாருக்குத் தெரியப்போகுது?"

நறுக்கினார். இன்னும் இரண்டு எழுத்து பிரிந்துகொண்டது. முடிச்சுப் போட்டார். துணி சுருங்கியது.

"ஒரு தேய் தேய்ச்சா சரியாயிடும்," என்று இஸ்திரிக்காரர் பெட்டியை வைத்தார். சுருக்கம் அப்படியே மடிப்பாகப் படிந்துவிட்டது.

"கடையில ஆள் இல்லண்ணே," என்று அவர் நழுவினார்.

கண்டக்டர் மிஷினில் உட்கார்ந்தார். 'இதைத் தொடாதீங்க' என்று அவள் நூறு தடவை சொன்ன மிஷின். ஆனால் அவள் தைப்பதை வாய்பிளந்து பார்த்த வருஷங்கள் வீண் போகவில்லை. முடிச்சுகளைப் பிரித்துத் துணியை நீவி, போன எழுத்துகளை நிரப்பினார். ஒரு பூட்டு போடும் இடத்தில் மூன்று போட்டார். பிறகு வெட்டினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

மனைவி வந்தாள். கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள், ஊசியால் நெம்பினாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்களா போட்டீங்க?"

"வேற யாரு?"

"ஒரு இழைகூட வரமாட்டேங்குதே! எனக்கே இப்படிப் பூட்ட வராதுங்க."

கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் இப்படியொரு வார்த்தை கேட்டதில்லை.

"எல்லாம் உன்னைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்," என்றார். கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஹோட்டல் மேனேஜர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வேலையை விட்டுப் போன சமையல் மாஸ்டர் பேரைப் பிரிச்சு முடிச்சாச்சா அக்கா? புது மாஸ்டர் கோட்டுக்காக வாசல்ல நிக்கிறாரு."