இந்த வருஷம் வராதே, அக்கா

கடவுள் துணை. (எல்லாக் கடிதத்திலும் வழக்கத்துக்காக எழுதுவேன். இன்று கேட்டுக்கொள்வதாகவே எழுதுகிறேன்.)

ஹைஃபா,
பஸ்கா தொடங்கும் நாள், முற்பகல்.

அன்பும் மரியாதையும் மிக்க அக்கா ஹபீபாவுக்கு, உன் தம்பி சஸ்ஸோன் வணங்கி எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், உன் மகன் டோரோன் வேளாவேளைக்கு உனக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறான் என்றும், அக்கோ நகரில் உங்கள் தெருப்பக்கம் ராக்கெட் எதுவும் வந்து விழவில்லை என்றும் நம்புகிறேன். நாங்கள் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வார்த்தைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்று மாலை பஸ்கா விருந்துக்கு நீயும் உன் மகனும் இங்கே வரவேண்டாம். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். நேற்று முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். 'ஆபத்து' என்பதில் 'ஆ' வந்ததுமே, "சரிடா, நாளைக்குப் பேசிக்கலாம்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. எங்கள் கீழ்வீட்டு நபீல் கூரி, மருந்துக்கடை வைத்திருப்பவர், மதியம் தன் அம்மாவைப் பார்க்க அக்கோ வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் எஃப்ராத் விஷயம். என் மகள் வெளியுறவு அமைச்சகத்தில் வேலை பார்க்கிறாள் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன வாரத்துக்கு முந்தின வாரம் திடுதிப்பென்று வந்தாள், அலமாரியைக் குடைந்து தடி ஸ்வெட்டரை எடுத்தாள். "பேச்சுவார்த்தைக்குப் போறேம்ப்பா" என்றாள். யார்கூட என்றேன். "சொல்லக் கூடாது." எந்த ஊரில் என்றேன். "சொல்லக் கூடாது." பஸ்காவுக்காவது வந்துவிடுவாயா என்றேன். "அது எனக்கே தெரியாதுப்பா" என்றாள். சொல்லக் கூடாது என்றால் சொல்லத் தெரிந்தவர்கள் யாரோ இருக்கிறார்கள் என்று மனது சமாதானப்படும். அவளுக்கே தெரியாது என்றால் என்ன செய்வது? துறைமுகச் சுங்கத்தில் காலம் தள்ளியவன் நான். மூடின பெட்டியைக் கண்டால் உள்ளே கெட்டதுதான் இருக்கும் என்று நினைத்துச் சம்பளம் வாங்கியவன். பெற்ற மகளே மூடின பெட்டியாகிப் போனால் எனக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

இதை வெளியே சொல்லாதே என்று என் மனைவி மஸாலிடம் சொன்னேன். உன் தம்பி பெண்டாட்டிதானே, உனக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை, மூன்றாம் மாடி கெயுலாவிடம் மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு கட்டிடத்தில் யாருக்கும் வானொலி தேவைப்படவில்லை, என் முகமே போதும் என்று ஆகிவிட்டது. குப்பை போடப் போனால்கூட "என்ன சார், முகம் வாடியிருக்கு, பேச்சு முறிஞ்சிடுச்சா?" என்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாதம்மா என்றேன். "அவ்வளவு மோசமா?" என்று கெயுலா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவளைத் தேற்றுவதற்காகக் கொஞ்சம் சிரித்தேன். அவ்வளவுதான், ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று நான்காம் மாடி க்ரிஷா ஸெல்கின் ஊரைவிட்டுக் கிளம்பக் கட்டிவைத்த பெட்டியைப் பிரித்துத் துணிகளை மடித்து வைத்துவிட்டார். மறுநாள் எனக்குப் பல்வலி. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு படி ஏறினேன். அவர் மறுபடி பெட்டி கட்டினார்.

அப்போதுதான் தண்ணீர் விவகாரம் நடந்தது. பஸ்காவுக்குப் பாத்திரங்களைக் கொதிநீரில் முக்கிச் சுத்தம் செய்யும் நாள் பார்த்து எங்கள் குழாய் மக்கர் பண்ணியது. மஸால் என்னைக் கடைக்கு விரட்டினாள். நான் ஒரு தள்ளுவண்டி நிறையத் தண்ணீர் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு தெருவில் வந்தேன். குனிந்து தள்ளினேன், மேட்டில் மூச்சு வாங்கியது, முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். கெயுலா மாடத்திலிருந்து பார்த்துவிட்டாள். "வெளியுறவு அமைச்சகமே தண்ணி வாங்குது, நாம என்ன சும்மா நிக்கறோம்?" என்று அவள் கேட்டது இரண்டு தெரு தள்ளிக் கேட்டிருக்கும். சாயங்காலத்துக்குள் கடையில் தண்ணீர் இல்லை. பிறகு சோடா இல்லை. பிறகு, ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை, ஊறுகாய் இல்லை. காலி அலமாரியை யாரோ படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

சிரிக்காதே. அன்றிரவே எஃப்ராத் கூப்பிட்டாள். குரல் கட்டியிருந்தது. "அப்பா, ஹைஃபாவுல தண்ணி பதுக்கறாங்களாமே. பேச்சுவார்த்தைக் குழுவுல ஒருத்தியோட அப்பா சொன்னாராம். யாருப்பா அது?" "குழாய் ரிப்பேரும்மா" என்றேன். "இங்க எதிர்த்தரப்பு ஆளு காப்பி குடிக்கறப்போ என்னைக் கேக்கறாரு, நீங்க இங்க சமாதானம் பேசறீங்க, அங்க சண்டைக்குத் தண்ணி சேக்கறீங்களான்னு. நான் என்னப்பா பதில் சொல்றது?" குழாய் ரிப்பேர் என்று சொல்லேன் என்றேன். "சொன்னேன். அவர் நம்பல. எங்க தலைவரே நம்பல" என்றாள். பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள், போன் நின்றது.

அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை, அக்கா. நேற்று முழுக்க இல்லை, முந்தாநாள் முழுக்க இல்லை. நான் கூப்பிட்டால் மணியே அடிப்பதில்லை. வானொலியில் பேச்சு சிக்கலில் இருக்கிறது என்கிறார்கள். நேற்று, தூதுக்குழுக்கள் தங்கியிருக்கும் ஓட்டலைச் சுற்றித் தெருக்களை மூடிவிட்டார்கள் என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு வானிலைக்குப் போய்விட்டார்கள். ஏன் மூடினார்கள்? யார் மூடினார்கள்? மழை வருமா வராதா என்று அவ்வளவு விவரமாகச் சொல்கிறவன் இதைச் சொல்லக்கூடாதா? பஸ்காவுக்கு வீட்டில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் இருக்கக்கூடாதே, நேற்று இரவு மெழுகுவத்தியும் கையுமாக மூலை மூலையாகப் புளித்த ரொட்டித் துணுக்கு தேடினேன். நான் தேடி எடுக்கவென்று மஸால் வழக்கம்போல ஒளித்துவைத்த துண்டுகளில் பாதியை நான் கண்டுபிடிக்கவே இல்லை. காதெல்லாம் போன் பக்கம் இருந்தால் கண் எப்படித் தெரியும்? "தேடறீங்களா, தூங்கறீங்களா?" என்றாள். ஜெபம் சொன்னேன். வாய் சொன்னது, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

இன்று காலை நடந்ததைக் கேள். புளித்த சாமான்களைப் பண்டிகை முடியும்வரை வேற்று மதத்தார் ஒருவருக்கு விற்றுவிடும் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. எங்கள் கட்டிடத்தில் வருஷா வருஷம் நபீல்தான் வாங்குவார். இந்த வருஷம் கெயுலா, எதுவும் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடாது என்று சொல்லி, எல்லார் வீட்டு மாவு, நூடுல்ஸ், பிஸ்கட், விஸ்கியையும் கீழே குண்டுவீச்சுக்குப் பதுங்கும் அறையில் அடுக்க வைத்தாள். ஸெல்கின் கடவுளை நம்பாதவர், ஆனால் பத்திரத்தை நம்புகிறவர். சரக்கு இருக்கும் இடத்தையும் சேர்த்துத்தான் விற்கிறோம், ஆகவே அறை நபீலுடையது, ஆகவே பூட்டிச் சாவியை அவரிடம் கொடுக்கவேண்டும் என்று வாதாடி, காலையில் அப்படியே செய்தும்விட்டார். நாங்கள் பத்துப் பேர் தலையாட்டினோம். பத்துப் பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முற்றத்தில் மிச்சப் புளித்த ரொட்டியை எரித்துவிட்டுச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தபோது சைரன் பிடித்துக்கொண்டது. எல்லாரும் கீழே ஓடினோம். கதவு பூட்டியிருந்தது.

அந்தக் கதவின் முன்னால் நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மஸால் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். கெயுலா கைப்பிடியைத் திருகித் திருகி, "தொறங்கடா, யாராவது தொறங்கடா" என்று கதறினாள். ஸெல்கின் வெளுத்துப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் மேலே பார்த்து "நபீல்! சாவி!" என்று கத்தினேன். சைரனுக்கு மேலே என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது படியில் தடதடவென்று நபீல் வந்தார், இடுப்பில் துண்டு, தலை முழுக்க சோப்பு நுரை, கையில் சாவி. சோப்புக் கையில் சாவி வழுக்கித் துளையில் நுழையவில்லை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கதவு திறந்தது. திறந்ததும் ஸெல்கின் வாசலில் நின்றுகொண்டு, "நபீல், முறைப்படி உங்க அனுமதி..." என்று ஆரம்பித்தார். "யோவ் க்ரிஷா, உள்ள போய்யா!" என்று நபீல் அவரை முதுகில் கைவைத்துத் தள்ளினார். பிறகு எங்களைப் பார்த்து, "வாங்க, வாங்க, உங்க வீடா நெனச்சுக்கோங்க" என்றார். மாவு மூட்டைகள் மேலும் விஸ்கிப் பெட்டிகள் மேலும் உட்கார்ந்தோம். "எல்லாம் இப்ப என்னுது, ஒருத்தரும் பிரிக்கக் கூடாது" என்று நபீல் சிரிக்கப் பார்த்தார். பல் கிடுகிடுவென்று அடித்தது. ஈர உடம்பு என்று மஸால் தன் சால்வையை அவர் தோளில் போட்டாள்.

இடி போல ஒன்று விழுந்தது. சுவர் குலுங்கியது, விளக்கு போய்விட்டது. இருட்டில் நபீலின் குரல்தான் வந்தது. "கெயுலா, இருக்கியா? க்ரிஷா? மஸால் அக்கா?" என்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். எல்லாரும் இருக்கிறோம் என்றார்கள். அப்புறம் கெயுலா மெதுவாகக் கேட்டாள், "சஸ்ஸோன் சார், உண்மையைச் சொல்லுங்க. என்ன ஆகும்?" நான் சொன்னேன், "எனக்கு பயமா இருக்கு, கெயுலா. எம் பொண்ணு எங்க இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது." இத்தனை நாளில் நான் சொன்னதை அந்தக் கட்டிடம் நம்பியது அந்த ஒரு தடவைதான். இருட்டில் யாரோ என் முழங்கையைத் தடவிக் கொடுத்தார்கள். அது ஸெல்கின் என்று பிறகுதான் தெரிந்தது. விழுந்தது எங்கோ மலைச்சரிவில், யாருக்கும் காயமில்லை என்றார்கள். மேலே வந்தோம். வந்ததும் பேனாவை எடுத்தேன்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பாக்தாதை விட்டு வந்த வருஷம் அகதி முகாம் கூடாரத்தில், சேற்றில் கால் புதைய, அப்பா விருந்து நடத்தவில்லையா என்பாய். நான் அப்போது கைக்குழந்தை, நீ சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். நடத்தினார், சரி. ஆனால் அப்பா பெற்ற பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கூடாரத்துக்குள் இருந்தார்கள், அக்கா. என் மேஜையில் ஒரு நாற்காலி காலி. அதைப் பார்த்துக்கொண்டு, எகிப்திலிருந்து எங்களை விடுவித்தவரே என்று நான் எப்படிக் கிண்ணத்தைத் தூக்குவேன்? என்னால் முடியாது. கடவுள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நானும் அவர்மேல் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறேன். மஸாலும் நானும் ஆளுக்கொரு அவித்த முட்டை சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். நீ அங்கேயே இரு. ஜன்னல் ஓரம் உட்காராதே.

உனக்கும் உன் மகனுக்கும் நீண்ட ஆயுளும் உடல்நலமும் அமைதியான தூக்கமும் கிடைக்கட்டும். வரும் வருஷம் நாம் எல்லாரும் ஒரே மேஜையில் உட்காரும்படி ஆகட்டும். மஸாலும் தன் அன்பைச் சொல்கிறாள் (அவளுக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது).

இப்படிக்கு,
உன் தம்பி
சஸ்ஸோன் கடூரி

பின்குறிப்பு: நபீல் கீழே ஹாரன் அடிக்கிறார், அவசரமாக எழுதுகிறேன். உறையில் போடும்போது போன் அடித்தது. எஃப்ராத்! "நீ எங்க இருக்கே?" என்றேன். "சொல்லக் கூடாதுப்பா" என்றாள். அதைக் கேட்டு நான் அழுதேன் என்று யாரிடமும் சொல்லாதே. தெருக்களை மூடியது ஏதோ ஊர் ஓட்டப்பந்தயத்துக்காம். பேச்சு முடியவும் இல்லை, முறியவும் இல்லை. யாரும் ஊருக்குக் கிளம்ப முடியாது. "இங்க எங்க ஆளுங்க யாருக்கும் விருந்து நடத்தத் தெரியலப்பா. நான் நடத்தறேன்னு வாய் விட்டுட்டேன். நம்ம வீட்டுல எகிப்தை விட்டு வந்தவங்க மாதிரி புளிக்காத அப்பத்தை மூட்டையாக் கட்டித் தோள்ல போட்டுக்குவோமே, அதுல மொதல்ல யார் கேக்கணும்?" என்றாள். மேஜையில் இருக்கிறவர்கள் கேட்கவேண்டும், மூட்டைக்காரி பதில் சொல்லவேண்டும் என்றேன். "ஒரு தடவை கேளுங்கப்பா, பழகிக்கறேன்." கேட்டேன். "எங்கேருந்து வர்றே?" "எகிப்திலேருந்து." "எங்க போறே?" கம்பியில் இரைச்சல்தான் கேட்டது. அப்புறம், "எருசலேமுக்கு. ஆனா இன்னைக்கு இல்லப்பா" என்றாள்.

மேலே எழுதியதில் ஒரு வரியையும் நான் அடிக்கவில்லை, எல்லாம் உண்மைதான், பயமும் அப்படியே இருக்கிறது. ஆனால் நீ கிளம்பி வந்துவிடு. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பு, டோரோனை மெதுவாக ஓட்டச் சொல், வழியில் சைரன் அடித்தால் வண்டியை விட்டு இறங்கிப் படுத்துக்கொள்ளுங்கள். இன்று இங்கே மூட்டையைத் தோளில் போடப்போவது நான். மஸாலுக்குச் சமையலறையில் வேலை இருக்கும். என்னைக் கேட்க எதிரே ஒரு ஆள் வேண்டும், அக்கா.