கடைமடைக்கு வந்து சேர்ந்த பாவம்

முக்காணிப் பக்கம்,
ஆவணி 3.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் மகாராஜன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஆறுமுகத்தாயைக் கட்டிய சிவனணைந்தபெருமாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் தங்கை, தங்கள் மருமகள் வேல்விழி மூவரும் சுகம். வாழை சுகமில்லை. அங்கு தாங்களும் அக்காவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். ஆறு முதலில் உங்கள் ஊருக்குத்தானே வருகிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே, தலைமையாசிரியராக இருந்த பழக்கத்தில் நீங்கள் பிழை திருத்த ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மச்சான். ஆவணி இருபத்தைந்தில் நடக்கிற வேல்விழி கல்யாணத்துக்குத் தாய்மாமன் மாலை எடுத்துக்கொண்டு நீங்கள் வர வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

ஆற்றுத் திருவிழா மலரில் நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன் ஆகையால் அதையும் இரண்டு தடவை வாசித்தேன். தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன் நாவில் தமிழ் தானாக ஊறும் என்கிறீர்கள், அவன் பொய் சொல்ல மாட்டான் என்கிறீர்கள், கரை நெடுக வாழ்வைச் செழிக்கச் செய்து, கடமை முடிந்த நிறைவோடு அன்னை கடலில் கலக்கிறாள், அங்கே அவள் மடியில் முத்து விளைந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அன்னை கலக்கிற இடத்தில்தான் மச்சான் நான் குடியிருக்கிறேன். போன வாரம் போய்ப் பார்த்தேன். முத்து இல்லை. இடது கால் செருப்பு ஒன்று கிடந்தது, அதுவும் என் அளவு இல்லை.

இது தெரிந்தும் நான் செய்த கிறுக்குத்தனத்தைக் கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் தாயார் சந்தனச்செல்வி அம்மாள் சொந்தக்காரர்களோடு பந்தல் வேலை பேச வந்தார்கள். மாப்பிள்ளை தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நல்ல பிள்ளை, வாய் திறக்க மாட்டார். அவர் வாயையும் சேர்த்து அம்மாள் வைத்திருக்கிறார்கள். நான் சும்மா இருக்காமல், “எங்க மச்சான் எழுதினது” என்று உங்கள் கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டினேன். செழிப்பு வருகிற பக்கத்தில் காப்பி வந்தது. அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் கேன் போடுகிறவர் வரவில்லை, ஆறுமுகத்தாய் கிணற்றுத் தண்ணீரில் போட்டுவிட்டாள். எங்கள் கிணற்றில் கடல் ஏறிப் பல வருஷம் ஆகிறது. அம்மாள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துச் சொன்னார்கள்:

“ஆத்தங்கரைக்காரவுகன்னு சொல்லித்தான் பொண்ணு எடுக்கோம். எங்க ஊருல ஆறு கெடையாது. ஆனா காப்பியில உப்பும் கெடையாது.”

மானத்தைக் காப்பாற்ற, “வாங்க, நம்ம வாழையப் பாருங்க, பந்தலுக்குக் கொலையும் எலையும் நம்ம வயல்தான்” என்று அழைத்துப் போனேன். அன்றைக்கு எங்களுக்கு முறைத் தண்ணீர். இருபத்தைந்து நாளுக்கு ஒரு முறை, ஒரே ஒரு பகல். வாய்க்காலில் தண்ணீர் தளும்பிக்கொண்டு போகிறது, பக்கத்து வயல் பொன்னுதுரைக்கு வரப்பு மேலே வழிகிறது, என் மடைக்குழாயில் ஒரு பூனை நக்குகிற அளவுக்குக்கூட வரவில்லை. குலை தள்ளுகிற வாழை, சம்பந்தி முன்னால் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

“ஏலே பொன்னுதுரை, ஏம் மடைய அடைச்சிட்டியாலே?”

“ஒம்ம மடைய நான் எதுக்கு அண்ணாச்சி அடைக்கேன்? தண்ணிக்கே ஒம்மகிட்ட வர இஷ்டம் இல்ல போல.”

அப்போது என் நாவில் தமிழ் ஊறியது, மச்சான். உங்கள் கட்டுரையில் வராத தமிழ். அவன் தகப்பனார், பாட்டனார் வரைக்கும் ஊறியது. சந்தனச்செல்வி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். சிரித்தார்களா, வைதார்களா என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் தண்ணீர் நின்றதும் பொன்னுதுரையே தொரட்டியைக் கொண்டுவந்து என் மடைக்குள் விட்டுக் குடைந்தான். என் முகத்தைப் பார்க்காமலே இழுத்தான். ஆகாயத்தாமரை சுற்றிய மூட்டை ஒன்று வந்தது. உள்ளே ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு. பாவம் தொலைக்க முங்கிவிட்டு, கட்டியிருந்த துணியை ஆற்றோடு விட்டுப் போன மனுஷன் ஒருவனின் முழு உடுப்பு. என் உயரம்தான் இருப்பான், என்னைப் போலத் தொந்தியும் உண்டு. அவனுக்குப் பாவம் போயிற்று, எனக்கு வாழை போயிற்று.

நானும் ஆடியில் உங்கள் ஊரான பாபநாசத்துக்கு வந்து முங்கித் துணி விட்டவன்தான். வேல்விழி கல்யாணத்துக்குத் தடை வரும் என்று ஜோசியர் சொன்னதால் வந்தேன். கூட்டத்தில் அன்று உங்கள் வீட்டுக்கு வர முடியவில்லை. ஆனால் நான் துணியைப் படியோரம் மரியாதையாகச் சுருட்டி வைத்தேன். உங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அந்த மரியாதை இல்லை. மேலே நின்று கழுவுகிறீர்கள், கீழே நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். முதல் மடைக்காரன் யோக்கியனாக இருப்பது சுலபம், மச்சான். அவன் யாரோடு சண்டை போட வேண்டும்? உங்களை அந்த ஆறு கட்டுரை எழுத வைத்தது. என்னை மனு எழுத வைத்தது. பதினான்கு மனு எழுதியிருக்கிறேன், அழுகை, வீரம், கெஞ்சல் எல்லாம் அதில் உண்டு. இரண்டுக்குப் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. ஆலைகளுக்குத் தண்ணீர் போகிற பெரிய குழாய் என் வயலோரமாகத்தான் போகிறது. காதை வைத்தால் ஆறு ஓடுகிற சத்தம் கேட்கும். என் வாழைக்கு இந்த வருஷம் சத்தம் மட்டும்தான் பாய்ந்திருக்கிறது.

ஆகவே அடுத்த மலரில், அன்னை கடைமடைக்குக் கொண்டுவருவது என்ன என்று உங்கள் கையால் எழுதுங்கள். எழுதுவதாக இருந்தால் மாலையோடு வாருங்கள். இல்லாவிட்டால் தாய்மாமன் இல்லாமலே தாலி ஏறட்டும்.

கோபத்தில் எழுதினாலும், உங்களுக்கும் அக்காவுக்கும் மூட்டு வலி இல்லாமல் இருக்கத் திருச்செந்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். அக்கா போன தடவை கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைசி மடைக்காரன்,
சிவனணைந்தபெருமாள்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஆறுமுகத்தாய் அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது பொத்தான் பச்சை. வெள்ளைப் பொத்தான் கிடைக்காமல் சித்திரையில் அவள் தைத்தது.

“பாபநாசத்துல விட்ட சட்டை, அத்தன அணைக்கட்டும் ஏறிக் குதிச்சு நம்ம மடைக்கே வந்துட்டு பாத்தியளா! சட்டைக்கு இருக்க பாசம்கூட மனுசனுக்கு இருக்காது.”

நான் பாபநாசம் வரவில்லை, மச்சான். பஸ்ஸில் நிற்க முடியாமல் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, நம் வயலுக்கு மேற்கே இருக்கிற பாலத்தடியில் முங்கி, துணியை வாய்க்காலோடு விட்டுவிட்டு, புது வேட்டியோடு பரோட்டா தின்றுவிட்டு வந்தேன். பாபநாசத்துக் கூட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒரு வாரம் கதை சொன்னேன்.

கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். அவள் விடவில்லை. “எழுதுனது அப்படியே போட்டும். கீழ உண்மையையும் எழுதுங்க. இந்தத் தண்ணி குடிச்சவன் பொய் சொல்ல மாட்டான்னு எங்கண்ணன் எழுதியிருக்காருல்லா, அவரு பேரு கெட்டுறக் கூடாது.” எழுதி முடிக்கிற வரைக்கும் என் தலைக்கு மேலேயே நிற்கிறாள். நீங்கள் மாலையோடு வராவிட்டால் அவளும் மணவறைப் பக்கம் வர மாட்டாளாம்.

ஆகவே இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள். பொன்னுதுரை என்னோடு பேசுவதில்லை, நீங்கள்தான் அவனைக் கல்யாணத்துக்குக் கூட்டி வர வேண்டும். சம்பந்தியம்மாள் காப்பிக்கு உங்கள் ஊர்த் தண்ணீர் நாலு கேன் வேண்டும். அப்புறம், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், பந்தல் வாசலில் கட்டக் குலையோடு இரண்டு வாழை உங்கள் பக்கத்தில் வெட்டி எடுத்து வாருங்கள். எங்களுக்கு அடுத்த முறைத் தண்ணீர் கல்யாணத்துக்கு மறுநாள்.