உரிய அறிவிப்பின்றி

உலகக் கணினி வரலாற்றில் திருவனந்தபுரத்துக்கு ஓர் இடம் உண்டென்றால், அது தம்பானூர் லாட்ஜ் ஒன்றின் மூன்றாவது மாடி. 2005இல் எங்கள் மென்பொருள் நிறுவனம் அங்கேதான் 'இயங்கியது'.

சாலைக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த பகவதிப்பெருமாள் பிள்ளைக்கு நாங்கள் ஓர் இணையக்கடை கட்டிக் கொடுத்திருந்தோம். ஓணம் நெருங்கும்போது அது வெறும் வெள்ளைத் திரையாகிவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்தவள் எங்களோடு வேலை பார்த்த ஷீனா. பிஎச்பி மொழியில் எழுதிய ஒரு கோப்பு. எதன் பெயர் என்ன, எது என்ன செய்யும் என்று மற்றக் கோப்புகளுக்கு அறிவித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. அதன் கடைசியில் யாரோ ஒரு வெற்று வரியை விட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வரி திரைக்கு ஓடிப்போய்க் கடையையே படுக்க வைத்துவிட்டது.

வரியை அழிக்க அனுமதி கேட்டு மேலாளர் சத்தியதாஸ் சாரிடம் போனவள், கூடவே ஒரு யோசனையும் சொன்னாள்.

"மொழியிலயே ஒரு வசதி வேணும் சார். முதல் வரியில 'அறிவிப்பு மட்டும்'னு எழுதிட்டா, பின்ன அந்த ஃபைல் வேற ஒண்ணும் செய்யாது. மொழி செய்யவும் விடாது."

சாரின் கண்கள் கலங்கின. "ஒண்ணும் செய்யாதா? இத்தன வருஷமா நான் தேடினது இதாக்கும் மோளே."

பிஎச்பி மொழியை உருவாக்குபவர்களுக்கு அனுப்ப அன்றே ஒரு முன்மொழிவுக் குழு அமைந்தது. குத்துவிளக்கு ஏற்றினோம். 'மட்டும்' என்ற சொல்லை ஆராய ஒரு துணைக்குழு போட்டோம். டீயோடு வந்த பழம்பொரி தீரும்வரை விவாதித்தோம். அந்த வெற்று வரி முக்கியமான சான்று என்பதால் அதை யாரும் தொடக்கூடாது என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

திருவோணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று பிள்ளை மூச்சிரைக்கப் படியேறி வந்தார். சார் அவரை உட்கார வைத்து முன்மொழிவை முழுவதும் வாசித்துக் காட்டினார். பிள்ளை பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல காரியம். அந்த வரிய அழிக்க எம்புட்டு நேரம் ஆவும்?"

ஷீனா கைநீட்டி ஒரு விசையைத் தட்டினாள். திரையில் வெண்கல உருளிகள் பளபளவென்று வரிசைகட்டி நின்றன. பிள்ளை அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

சாயங்காலமே ஷீனாவுக்கு மெமோ வந்தது. குற்றம்: 'உரிய அறிவிப்பின்றிச் செயல்பட்டது.' அவள் சிரித்துக்கொண்டே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முன்மொழிவை நாங்கள் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்ப அவசியமும் இல்லை. அந்த 'அறிவிப்பு மட்டும்' வசதி எங்கள் அலுவலகத்தில் அன்றே அமலுக்கு வந்துவிட்டது. வேலை செய்யத் தெரிந்த ஒரே ஆளையும் வெளியே அனுப்பிவிட்டோமே.